உப்புக் கரிச்சது குழம்பா, உன் வாயா?

உக்காரு மாப்ள. மூஞ்சி என்ன, காஞ்ச திருக்கையாட்டம் இருக்கு? ஓகோ, ஆத்தா வச்ச மீன் குழம்பு உப்புக் கரிச்சிருச்சா? "பாக் ஜலசந்தியையே வடிச்சு ஊத்திட்டியா"ன்னு கேட்டுட்டு வந்துட்டயாக்கும்! மெத்தப் பெரிய நாக்குதான். 2023-ல நம்ம ராம்நாட்டுச் சீமை முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடுன்னு சர்க்காரே பட்டம் கொடுத்துச்சு. அதை அரைச்சு அரைச்சு உன்னை வளத்த கைக்கு, நீ என்ன பட்டம் கொடுத்த?

என் தங்கச்சி கைப்பக்குவம் எனக்குத் தெரியும். உப்புக் கூடுனா ரெண்டு காரணம் இருக்கும். போட்டதை மறந்து மறுக்காப் போட்டிருக்கும். இல்ல, போட்டது அவ நாக்குக்கு எட்டலை.

ருசி, ருசிங்கிறியே, அதுல பெரும்பங்கு மூக்கோட சம்பாத்தியம். மெல்லும்போதே வாசம் தொண்டைக்குப் பின்னால ஏறி மூக்குக்குப் போகும். சளி பிடிச்ச அன்னைக்கு நெத்திலிக் கருவாடும் வைக்கோலும் உனக்கு ஒண்ணுதானே? மூளையில வாசம் பிரிக்கிற இடமும் நினைப்பைச் சேத்து வைக்கிற இடமும் அக்கம்பக்கத்து வீடு. அல்சைமர்ங்கிற மறதி நோய் மொதல்ல அந்தத் தெருவுலதான் நுழையும். அதனால பேரு மறக்குறதுக்கு முன்னாலயே வாசம் மங்கலாம். நெத்திப் பக்கத்து மூளை தேயுற வேற ஒரு வகையில, இனிப்பு மேல திடீர்னு வெறி பிடிக்கலாம்.

உடனே "ஆத்தாவுக்குப் புத்தி போச்சு"ன்னு தண்டோராப் போட்டுறாத. வயசு, பல்செட்டு, சளி, சில மாத்திரை, இதுகளும் ருசியைக் கெடுக்கும். நம்ம நாட்டுல 60 தாண்டுனவங்கள்ல 100-க்கு 7 பேருக்கு மறதி நோய்னு ஆய்வு சொல்லுது. மிச்சம் 93 பேரு சமையலையும் நீ குத்தம் சொல்லிட்டுத்தான் திரியுற!

தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தம் பாத்திருக்கியா? சுத்திக் கடலு, நடுவுல நல்ல தண்ணிக் கிணறு. பாத்தா ரெண்டும் தண்ணிதான். வாயில வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். ஆளும் அப்படித்தான், பக்கத்துல இருந்து பாக்கணும். அடுப்பை அணைக்க மறக்குறாளா, கருகுன வாசம் தெரியுதா, சொன்னதையே சொல்றாளான்னு நாலு வாரம் கவனி. சந்தேகம் இருந்தா ராம்நாட்டுப் பெரியாசுபத்திரிக்குக் கூட்டிப் போ. உப்பை நீ அளந்து கொடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன்தான். கூடுனா ரத்தக் கொதிப்பு, கொதிப்பு முத்துனா மறதிக்கும் வழி.

தொட்டில்ல கிடந்தப்ப அவ ஊட்டுன சோத்தை நீ துப்பாத நாளில்ல. உன் நாக்கை அவ ஒரு நாளும் பழிக்கலை. எந்திரி, போயி அந்தக் குழம்புச் சட்டியை நீ கழுவு.