பெருங்கருணைச் சமுதாயக் கல்லூரி

மாணவனைத் தேர்வில் தோற்கடித்துப் பெயர் வாங்கும் கல்லூரிகள் நாட்டில் ஏராளம். தன்னை நம்பி வந்தவனை ஒருநாளும் தோற்கடிக்காமல், சான்றிதழைக் கையில் கொடுத்து, அந்தச் சங்கடமான வேலையை வெளியுலகத்தாரிடம் ஒப்படைத்துவிடும் பெருந்தன்மை சமுதாயக் கல்லூரிக்குத்தான் உண்டு. போளூர், ஆரணி, செய்யாறு என்று இந்த வட்டாரத்தையே சுற்றி வருகிறவன் நான். தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸில் சிரிக்கும் இந்தக் கருணைக்கு ஒரு பாராட்டுரை எழுதாமல் இருப்பது நன்றிகெட்டத்தனம்.

அமெரிக்காக்காரர்களுக்கு இந்த அருமை புரியவில்லை. 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் இப்படி ஒரு கல்லூரியைத் தொடங்கியவர்கள், முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை உள்ளூரிலேயே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். படித்தவன் மேலே போய்விட்டால் அப்புறம் நம்மை எங்கே நினைக்கப் போகிறான்? அந்த யோசனைகூட அவர்களுக்கு வரவில்லை. 1968இல் ஒரு சட்டம் போட்டுப் போலீஸ்காரர்களுக்குக் கடனும் உதவித்தொகையும் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஈராண்டுக் கல்லூரிகளில் குற்றவியல் நீதிப் படிப்பு மளமளவென்று பெருகியது. பெருகியதோடு விட்டார்களா? 1978இல் ஒரு குழுவை வைத்து, இந்தப் படிப்பின் தரம் போதாது என்று தாங்களே அறிக்கையும் வெளியிட்டுக்கொண்டார்கள். தான் நடத்தும் படிப்பைத் தானே சோதித்துப் பார்க்கும் அந்தக் கெட்ட பழக்கம் நம்மை இன்னும் தொற்றவில்லை.

நம் பக்கத்திலும் ஆரம்பத்தில் சில விவரம் தெரியாதவர்கள் இருந்திருக்கிறார்கள். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரி தொடங்கியபோது, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கும் வீட்டோடு இருந்த பெண்களுக்கும் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். படிப்பு என்றால் வேலை என்ற அந்தக் குறுகிய பார்வையை டெல்லி விரிவாக்கியது. 2009இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கில் கல்லூரிகள் பதிவாயின. ‘அசோசியேட் டிகிரி’ என்று ஈராண்டுப் பட்டம் ஒன்றும் பிறந்தது. பல்கலைக்கழக மானியக்குழு ஏற்கும் பட்டங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்பது ஒரு சின்ன விஷயம். 2012இல் திட்டம் நின்றுபோனது. மூன்றே ஆண்டில் பிறந்து, பரவி, கண்மூடிய வேகத்தைப் பார்த்தால் ஐந்தாண்டுத் திட்டங்களே பொறாமைப்பட வேண்டும். இடையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாழ்க்கையின் நிலையாமை பற்றிய பாடம் கட்டணமில்லாமலே கிடைத்தது.

சென்னையும் சளைக்கவில்லை. அதே 2009 ஆகஸ்டில், பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று அரசாணை வந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று டெல்லி வாசற்கதவைத் திறந்த வருஷத்திலேயே சென்னை உள்கதவைச் சாத்திவிட்டது. மத்திய மாநில ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

2013இல் மானியக்குழு இன்னொரு திட்டத்தோடு வந்தது. முதல் கட்டமாக 200 கல்லூரிகள் என்றார்கள். உள்ளூரில் என்ன தொழில் நடக்கிறது, எதற்கு ஆள் தேவை என்று ஆராய்ந்து, உள்ளூர்த் தொழில்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் படிப்பைத் தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுநெறியில் எழுதினார்கள். எழுதுகிறவர்கள் எழுதத்தான் செய்வார்கள். ஆரணிப் பட்டுத்தறி, அரிசி ஆலை, கரும்பு என்று வாழும் ஒரு வட்டாரத்துக்கு என்ன படிப்பு தேவை என்பதைத் தறிக்காரரைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? டிடிபி, டேலி, நர்சிங் அசிஸ்டென்ட், மழலையர் பள்ளி ஆசிரியை என்று மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் இருக்கும்போது போளூருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

இந்தப் பட்டியலில் அண்மையில் சேர்ந்த ஆபரணங்கள் குற்றவியலும், மொழியும், கலையும். ஒவ்வொன்றையும் வாழ்த்த வேண்டும்.

குற்றவியல் நீதிச் சான்றிதழ் என்றதும் பையன்களுக்குக் கண்ணில் காக்கிச் சட்டை தெரிகிறது. விளம்பரத்திலும் தொப்பி, லத்தி, விலங்கு எல்லாம் இருக்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புப் போதும். பொதுப்பிரிவு, பிற்பட்ட வகுப்பு ஆண்கள் 170 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். சான்றிதழைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாலும் ஒரு சென்டிமீட்டர் கூடாது. சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமென்றால் பட்டம் கேட்பார்கள், இது பட்டமில்லை. ஆகக் கீழேயும் உதவாது, மேலேயும் உதவாது. அற்பப் பயன் எதையும் எதிர்பார்க்காத இதைப் போன்ற தூய கல்வியைக் கேம்பிரிட்ஜில்கூடத் தேட வேண்டும்.

பாடமும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103 ஆனது. மோசடிக்கு 420 போய் 318. ஊரே ஒருவனை ஏசுவதற்குப் பயன்படுத்திய எண்ணைச் சட்டம் கைவிட்டாலும், அச்சடித்து அடுக்கிய நோட்ஸ் தீரும்வரை நம் ஆட்கள் அதைக் கைவிடமாட்டார்கள். பழைய வழக்குகள் பழைய சட்டத்தில்தானே நடக்கின்றன என்று சமாதானமும் சொல்வார்கள். அது உண்மைதான், உண்மையை இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்தும் திறமைக்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறிப்பிட்ட வகைப் புடவைகள் உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. அவற்றை விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆரணிப் பக்கத்து நெசவாளி குடும்பத்துப் பிள்ளைக்குக் குற்றவியல் சட்டம் தன் வீட்டுத் திண்ணைக்கே வருகிற இடம் இதுதான். யாரிடம் புகார் கொடுப்பது, அதிகாரி எதைப் பார்த்துக் கைத்தறி, விசைத்தறி என்று பிரிக்கிறார் என்பதை வகுப்பில் சொல்லியிருந்தால், அவன் மறுநாளே அதைப் பயன்படுத்தியிருப்பான். கல்வியை அப்படிக் கொச்சைப்படுத்த வேண்டாம் என்று பாடத்திட்டக்காரர்கள் அடக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

மொழிப் படிப்பு என்றால் ஸ்போக்கன் இங்கிலீஷ். வீட்டில் தெலுங்கும் கடையில் உருதும் தெருவில் தமிழும் பேசிக்கொண்டு திரிகிற பிள்ளைக்கு, முதல் பாடமே தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது. போளூருக்கு அருகே திருமலைக் குன்றில் ராஜேந்திர சோழன் கங்கை வரை படை நடத்தியதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஓர் உள்ளூர்ப் பெண்ணைப் பழக்கினால், வரும் பயணிகள் அவளுக்குக் காசு கொடுத்துவிடக்கூடிய ஆபத்து உண்டு. நல்லவேளை, அது தவிர்க்கப்பட்டது.

கலைக்கும் இதே கவனிப்புதான். அதே திருமலையில் சமணர்கள் வரைந்த பழைய ஓவியங்கள், சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலை. செங்கம் பக்கம் ஆநிரை மீட்டுச் செத்தவர்களின் நடுகற்கள். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து. ஆரணித் தறியில் ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போடுவதும் ஓவியம்தான், அதற்குக் கூலியும் உண்டு. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, கலைப் பிரிவில் மணப்பெண் அலங்காரத்தையும் மெஹந்தியையும் வைத்தவர்களின் நடுநிலையை என்னவென்று சொல்வது! எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கலையைக் கற்பித்தால் எந்த ஊரும் கோபித்துக்கொள்ளாது.

பாடம் நடத்துகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் சம்பளம், மணி வரும், சம்பளம் பின்னால் வரும். அப்படியும் வகுப்புக்கு வந்து நிற்கிறார்களே, அவர்களை மட்டும் நான் உண்மையாகவே பாராட்டுகிறேன்.

சேர்க்கைக் காலத்தில் ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “இதைப் படிச்சா வேலை கெடைக்குமா சார்?”

“வாழ்க்கைக்கே உதவும்மா” என்பார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். வேலை என்ற சொல்லைத் தொடாமலே பதில் சொல்லும் அந்த நயத்துக்கு ஈடாகப் பட்டமளிப்பு அங்கியில் ஒரு போட்டோவும் தருகிறார்கள். அந்த அம்மா அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார். மகன் சென்னையில் செக்யூரிட்டி வேலைக்குப் போயிருப்பான், அங்கே எட்டாம் வகுப்புப் போதும்.

ஆகவே, போளூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும்போது, இந்தச் சான்றிதழைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது என்று கேட்காதீர்கள். இதை வைத்து எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்காதீர்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களில் நான்கு பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். முக்கியமாக, பதிலை எழுத்தில் கேட்காதீர்கள். கேட்டால் பாவம், அந்த மேசைக்காரர் பதிலுக்கு எங்கே போவார்?