காலடியில் ஒரு சீனத் தோட்டம்

கே: கொச்சிக்குச் சுற்றுலா போகிறோம். அங்கே சீனத் தோட்டம் ஏதேனும் உண்டா? (வாசகி, தென்காசி)

ப: உண்டு, தரையில்! மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருக்கோடியில், 1568-இல் கட்டிய பரதேசி யூத ஜெப ஆலயம் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால், வெள்ளைப் பீங்கான் ஓடுகளில் நீலக் கிளையும் இலையுமாகக் காலடி முழுக்கச் செழித்துக் கிடக்கும். 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துக் கான்டனிலிருந்து கப்பலேறி வந்தவை. கையால் தீட்டியவை என்பதால் ஒன்றின் அச்சாக இன்னொன்று இராது. கூட்டமெல்லாம் அண்ணாந்து சரவிளக்கைப் பார்க்கும், நீங்கள் குனியுங்கள். சீனப் பிரபுவின் மகளும் ஏழைக் காதலனும் இந்த ஓடுகளில் இருப்பதாக வழிகாட்டி சொன்னால் ரசித்துக் கேளுங்கள், நம்பிவிடாதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நீலப் பீங்கான் தட்டுகளுக்காகக் கட்டிய கதை. ஓடு பதித்தபோது அந்தக் காதலர்கள் பிறக்கவே இல்லை!

கே: அந்த ஜெப ஆலயத்துக்குச் சனிக்கிழமை போகலாமா? (வாசகர், ஈரோடு)

ப: போகலாம், பூட்டைப் பார்க்க.

கே: அசல் சீனத் தோட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? (வாசகர், காரைக்குடி)

ப: மெதுவாக! 'ஒரே நாளில் ஏழு இடம்' கோஷ்டியோடு போகவே கூடாது. யுனெஸ்கோ 1997-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற சூஜோ நகரத் தோட்டங்களில் பாலம்கூட நேராகப் போகாது. திரும்பித் திரும்பிப் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு பாறை, வேறு குளம், வேறு ஜன்னல். அங்கே ஒரு தோட்டத்தில், வெளியே தொலைவில் நிற்கும் கோயில் கோபுரத்தை மரங்களின் இடைவெளியில் தெரியவைத்து, தங்கள் காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். பத்திரப்பதிவே இல்லாமல் ஒரு கோபுரம்! பக்கத்தில் வேண்டுமானால் சிங்கப்பூர் ஜூரோங் போங்கள்; அங்கே 1975 முதல் ஒரு சீனத் தோட்டம் இருக்கிறது.

கே: யூதர்கள் பெரும்பாலும் போய்விட்ட ஆலயத்தை வேடிக்கை பார்ப்பது சரியா? (வாசகி, நாகர்கோவில்)

ப: போங்கள், அம்மா, வேடிக்கை மட்டும் பார்க்காதீர்கள். 1948-க்குப் பிறகு அவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் வேண்டும். ஊரில் அந்தப் பத்துப்பேர் சேராத காலமும் வந்தது. ஆனாலும் அது வழிபாட்டு இடம்தான். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குத் தம் அரண்மனைக் கோயிலை ஒட்டியே இடம் கொடுத்தவர் கொச்சி அரசர். அந்தப் பெருந்தன்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

கே: மட்டாஞ்சேரியில் என்ன வாங்கலாம்? (வாசகர், கரூர்)

ப: மிளகு. 15-ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்த மா ஹுவானே கொச்சி மிளகு வியாபாரத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். சீனர் கடல் கடந்து தேடி வந்த சரக்கு இருக்க, நீங்கள் சாவிக்கொத்தோடு திரும்பாதீர்கள்!