83 டிகிரியும் ஒரு வேட்டி வத்தலும்

பழைய பேப்பரை எடைக்குப் போடப் போனவன், எடை கூடித் திரும்பினேன்.

கடைக்குப் பின்புறம், ஓட்டை வாளிகளுக்கும் துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் நடுவே சுவரில் சாய்ந்து நின்றது எட்டடி வலை டிஷ். 1990-களில் மதுரையில் கேபிள்காரர் குடியிருந்த மொட்டை மாடி எது என்று இதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். அன்றைக்குத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த பொருள், இன்றைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஆதரவற்று நிற்கிறது. நான் பார்த்த பார்வையிலேயே கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார்.

“அண்ணே, அது அலுமினியம். இரும்பு ரேட்டுக்கு வராது.”

குட்டியானை வண்டி பிடித்து வீட்டுக்கு ஏற்றிவிட்டு, நான் முன்னால் ஸ்கூட்டரில் வந்தேன். வாசலில் மனைவி.

“பேப்பர் போட்ட காசு எங்கங்க?”

“பின்னாடி வண்டியில வருது.”

அன்று முழுக்க வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது: வீட்டிலேதான் டி.வி. ஓடுகிறதே, பிறகு இது எதற்கு? இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த டிஷ் பைத்தியமும் பதில் சொன்னதில்லை. குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் போய், மார்க்கெட்டில்தான் மீன் கிடைக்கிறதே என்று கேட்பதைப் போன்றது அது. கட்டணச் சேனல்கள் பூட்டுப் போட்டுத்தான் வருகின்றன, அதை நான் தொடப்போவதில்லை. பூட்டில்லாமல் இலவசமாக வருபவையும் ஏராளம், அவற்றை நம் கையாலேயே பிடிக்கலாம் என்று விளக்கினேன். “பிடிச்சு?” என்றாள். அதற்கு மேல் எனக்குச் சரக்கு இல்லை.

“அதுவும் பழசைப் போய்...” என்று அவள் அடுத்ததை எடுத்தபோது மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம், இந்த விஷயத்தில் என்னிடம் சரித்திரம் இருந்தது. 1991-இல் நம் ஊர் டி.வி. பெட்டிகளுக்குள் ஸ்டார் டி.வி.யைக் கொண்டுவந்து கொட்டிய ஏசியாசாட்-1 செயற்கைக்கோளே செகண்ட் ஹேண்ட்தான். வெஸ்டார்-6 என்ற பெயரில் 1984 பிப்ரவரியில் போய், சேர வேண்டிய உயரத்துக்குச் சேராமல் வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் போனவர்கள் அதைப் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். தட்டிக்கொட்டிச் சரிசெய்து, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் வைத்து மறுபடி அனுப்பினார்கள். வானத்தில் இருக்கிறதே பழசு என்றால், மாடியில் இருக்கிற டிஷ் பழசாக இருந்தால் என்ன?

“அவங்க பழசை மேல அனுப்பினாங்க. நீங்க வீட்டுக்குல்ல கொண்டு வந்திருக்கீங்க” என்றாள்.

இந்தப் பைத்தியத்துக்கு மூத்தவர் ஒருவர் நமக்கு வெகு அருகில், கொழும்பில் இருந்தார். ஆர்தர் சி. கிளார்க். நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமி சுற்றுகிற அதே வேகத்தில் ஒரு கோளைச் சுற்றவிட்டால் கீழே இருப்பவனுக்கு அது ஆணி அடித்தாற்போல் நிற்கும், அதை வைத்து ஒலிபரப்பலாம் என்று 1945-இல் ஒரு வானொலிப் பத்திரிகையில் எழுதியவர். 1975-இல் இந்தியா கிராமங்களுக்காக செயற்கைக்கோள் வழி ஒளிபரப்பு நடத்திப் பார்த்தபோது, இஸ்ரோ பொறியாளர்களே கொழும்பில் அவர் வீட்டுக்குப் போய் ஐந்து மீட்டர் டிஷ் மாட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது, 1979-இல்தான் வந்தது. நாட்டிலேயே டி.வி. இல்லாதபோது வீட்டில் டிஷ் வைத்த மனிதர்! அவருக்குப் பொறியாளர்கள் வந்தார்கள். எனக்கு ஒரு கொத்தனார் வந்தார், அதுவும் சாயங்காலம்.

கொத்தனார் தூக்குக் குண்டு பிடித்து, ரசமட்டம் வைத்து, இடுப்பளவு உயரத்தில் கம்பம் நட்டார். கம்பம் மயிரிழை சாய்ந்தாலும் மேலே எல்லாம் கோணல் என்று நான் நாலு தடவை சொன்னேன். “செவுத்துக்கே இவ்வளவு பார்க்க மாட்டாங்க சார்” என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே ஒரு டிகிரி பிசகினால் அங்கே அறுநூறு கிலோமீட்டர் பிசகும். மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பியவன் நெல்லூரும் தாண்டிப் போய் நிற்பதைப் போல.

நான் குறிவைத்தது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அங்கே ஜிசாட்-30 இருக்கிறது. 2020 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது, எடை 3,357 கிலோ. பெருமையாகச் சொன்னேன். “அதை எடைக்குப் போட்டா...” என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்ததும் மாடிக்கு ஏறிவிட்டேன்.

நான் பாடம் படித்ததெல்லாம் வெளிநாட்டு வீடியோக்களில். லண்டன்காரர் ஒருவர் தோட்டத்தில் டிஷ்ஷை ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிறுத்தி, தொடுவானத்துக்குச் சற்று மேலே குறிபார்த்து, ஐந்தாவது நிமிடத்தில் படம் வரவழைத்துவிட்டு டீ குடித்தார். நானும் அப்படியே நிறுத்தினேன். டீயும் குடித்தேன். எட்டு நாள் குடித்தேன். என் டிஷ் எதிர்த்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ரிசீவரில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று ஸ்ட்ரென்த், இன்னொன்று குவாலிட்டி. என் ஸ்ட்ரென்த் 90. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலும் 90, தென்னை மரத்தைப் பார்த்தாலும் 90. குவாலிட்டி பூஜ்யம். பிறகுதான் புரிந்தது: ஸ்ட்ரென்த் என்றால் நம் எல்.என்.பி.யும் (டிஷ்ஷுக்கு மேலே நான்கு கம்பிகளில் நின்று சிக்னலை வாங்குகிற கிண்ணம்) கேபிளும் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான். அதன் சொந்த இரைச்சலையே அது பலமாகக் காட்டும். மேலிருந்து ஏதாவது வருகிறதா என்பதைச் சொல்வது குவாலிட்டி. முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் நான் உட்கார்ந்திருந்த பல கூட்டங்கள் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தன.

கடைசியில் பழைய கேபிள் லைன்மேன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். மாடியேறி வந்தவர் டிஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

“சார், சேட்டிலைட் நம்ம உச்சந்தலைக்கு மேல இருக்கு. அண்ணாந்து வைங்க. சாய்க்கிறதெல்லாம் வடக்கத்திக்காரனுக்கு.”

உண்மை. செயற்கைக்கோள் வரிசை நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே. லண்டன்காரர் தன்னுடைய கோளைப் பார்க்க 25 டிகிரி தலை தூக்கினால் போதும், டெல்லிக்காரர் இதே 83-ஐப் பார்க்க 56 டிகிரி, மதுரைக்கு 77. கிட்டத்தட்ட மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிஷ்ஷை அப்படியே மல்லாத்தினோம். போகிறபோது ரிசீவரில் எதையோ அமுக்கிப் பார்த்தவர், “இது சின்ன டிஷ்ஷுக்குள்ள செட்டிங்ஸ் சார். சி பேண்டுக்கு 5150 போடணும்” என்றார். எட்டு நாளாக 10600 என்று போட்டுவிட்டு வானத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனா திருப்பிய காலம் திரும்பி வந்தது. நான் மேலே, அவள் கீழே. அன்று படிக்கட்டு வழியாகக் கத்தினோம், இன்று செல்போன் ஸ்பீக்கர், அதுதான் வித்தியாசம்.

“வருதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல... இருங்க, ஏதோ வந்துச்சு. போச்சு. நீங்கதான் தாண்டிட்டீங்க. பின்னாடி வாங்க. கொஞ்சூண்டு. அய்யோ, அவ்வளவு இல்லங்க!”

கொஞ்சூண்டு என்பதைவிடத் துல்லியமான அலகு இந்தத் தொழிலில் இல்லை. போல்ட்டை ஸ்பானரால் திருப்பினால் தாண்டிவிடும். டிஷ்ஷின் விளிம்பை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும், தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோல. பன்னிரண்டு, முப்பத்தொன்று, அறுபது, எழுபத்துநான்கு! மூச்சைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். இறுக்கியதில் எழுபதுக்கு இறங்கியது. தளர்த்தி, தட்டி, மறுபடி எழுபத்துநான்கு.

கீழே ஓடிப் போய்ப் பார்த்தேன். திரை நிறைய வண்ணப் பட்டைகள். வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை என்று செங்குத்தாக, அசையாமல். ஏதோ ஒரு நிலையத்தின் சோதனைச் சமிக்ஞை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த சேனலில் புரியாத மொழியில் ஒருவர் பூச்சிமருந்து அடிப்பதைப் பற்றிப் பேசினார். முழுதாக நாற்பது நிமிடம் கேட்டேன். தமிழ் சேனலும் வந்தது. அதைத்தான் அன்றாடம் பார்க்கிறோமே என்று தாண்டிவிட்டேன். “இதுக்கா?” என்ற கேள்வி மனைவியின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து கேட்கவில்லை என்பதை அவளது பெருந்தன்மைக்குச் சான்றாகப் பதிவு செய்கிறேன்.

அக்கம்பக்கத்தில் என் மதிப்பு வேறு விதமாக உயர்ந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் காலையில் வாசலுக்கு வந்து, “சாயங்காலம் மழை இருக்குமா தம்பி?” என்று கேட்க ஆரம்பித்தார். அவருக்கு அது ராடார். மறுத்துப் பார்த்தேன், நம்பவில்லை. பிறகு வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிடுவேன். பாதிக்குப் பாதி பலித்தது.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் குவாலிட்டி 38 என்று நின்றது. பதறியடித்து மாடிக்கு ஓடினால், டிஷ்ஷின் குழிவுக்குள் என் வெள்ளை வேட்டி விரித்திருக்கிறது; நான்கு முனைகளும் நான்கு கம்பிகளில் முடிச்சு; அதன் மேல் வரிசை வரிசையாகக் கூழ்வத்தல்.

“வலையாச்சே, அடியிலேருந்தும் காத்து வருதுங்க. தரையில போட்டா மூணு நாள் ஆகுது. இதுல ரெண்டே நாள்” என்றாள். வாங்கி வந்த நாளிலிருந்து அந்த டிஷ்ஷைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எப்படி எடுக்கச் சொல்வேன்?

தவிர, விஞ்ஞானபூர்வமாக ஒன்று கவனித்தேன். அலைகளுக்கு ஈரம் ஆகாது. உலர்ந்த துணி பெரிதாகத் தடுப்பதில்லை, கூழின் ஈரம்தான் தடுத்தது. ஆகவே வத்தல் காயக் காயக் குவாலிட்டி ஏறியது. காலையில் 38, மதியம் 52, மறுநாள் சாயங்காலம் 71. ஒடித்துப் பார்த்தோம். படக்கென்று ஒடிந்தது. எழுபதைத் தாண்டினால் டப்பாவில் போடலாம் என்று வீட்டில் தீர்மானமாயிற்று. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்கினால் அந்தக் கோடு வரும் என்பதை அவள் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மார்ச் நடுவில் வந்தது வினை. நண்பகல் பன்னிரண்டு மணி, படம் பொடிப்பொடியாக உடைந்து, குவாலிட்டி பூஜ்யம். ஈரக்கூழுக்குக்கூட 38 காட்டிய கோடு! வேட்டியில் இருந்ததோ பாதி காய்ந்த வத்தல். எனக்குத் தலைக்கேறிவிட்டது. “வத்தல் போடுற இடமா இது?” என்று மாடி அதிரக் கத்தி, முடிச்சுகளை அவிழ்த்து, வேட்டியோடு தூக்கித் தரையில் வைத்தேன். அப்போதும் பூஜ்யம். பாரத்தில் டிஷ் இறங்கியிருக்கும் என்று நட்டுகளைத் தளர்த்தி மேலும் கீழும் ஆட்டினேன். கிழக்கே தட்டினேன், மேற்கே தட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து 83 டிகிரி எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் வத்தலைத் தரையில் பரப்பிவிட்டுக் கீழே போய்விட்டாள். மதியச் சாப்பாட்டில் ரசம் மட்டும் இருந்தது.

மாலையில் லைன்மேன் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிரித்தார். “அது சன் அவுட்டேஜ் சார். மார்ச்லயும் செப்டம்பர் கடைசியிலயும் வரும். சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிப்பான். அவன் போடுற இரைச்சல்ல இதோட சிக்னல் எங்க காதுல விழும்? பத்து நிமிஷம் சும்மா இருந்தாத் தானா வந்திருக்கும்.”

நான் சும்மா இருக்கவில்லை.

விஷயத்தை மனைவியிடம் ஒப்புக்கொள்ள ராத்திரி பத்து மணி ஆயிற்று. கேட்டுவிட்டு, “பன்னெண்டு மணிக்குத்தானே?” என்றாள். “அந்த மேல இருக்கிற கிண்ணத்தோட நிழல் சரியா பன்னெண்டுக்கு நட்டநடுவுல வந்து உக்காரும். போன வாரம் மூணு விரக்கடை வடக்க தள்ளி விழுந்துச்சு. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா நகர்ந்து வந்துச்சு. நிழல்ல வத்தல் காயாதுன்னு நடுவுல நான் ஊத்தவே இல்லையே, பார்க்கலையா நீங்க?”

நான் பார்க்கவில்லை. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைந்த 83-ஐ நிழலை வைத்தே பிடிக்க, மறுநாள் பதினொன்றே முக்காலுக்கே மாடியில் இருந்தோம். வேட்டியைப் பழையபடி அதே நான்கு கம்பிகளில் அவளே கட்டினாள். வத்தல் வரிசைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி, வட்டமாக. எல்.என்.பி.யின் நிழல் ஒரு சாண் தள்ளி, மேற்கு ஓர வத்தல்களின் மேல் கிடந்தது. அவள் செல்போனில் மணி பார்த்து, “இப்ப” என்றாள். நான் நட்டைத் தளர்த்தி டிஷ்ஷைத் திருப்பினேன். நிழல் வத்தல்களைத் தாண்டித் தாண்டி வந்து அந்த வட்டத்துக்குள் இறங்கியது. இறுக்கினேன். ரிசீவரையும் சின்ன டி.வி.யையும் மாடிக்கே கொண்டுவந்து, குடைக்கு அடியில் வைத்திருந்தோம். குவாலிட்டி பூஜ்யம், சூரியன் இன்னும் நகரவில்லை. இரண்டு பேரும் கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்தோம். தொடக்கூடாது என்று என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்குக் கோடு லேசாகத் துடித்தது. ஒன்பது. நாற்பத்தொன்று. அறுபத்துநான்கில் வந்து நின்றது. பூச்சிமருந்துக்காரர் திரையில் தோன்றி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“அறுபத்துநாலுதாங்க. இன்னும் ஒரு வெயில் வேணும்.”