காதுக்கும் ஒரு மதகு

கேள்வி: சளி பிடித்ததிலிருந்து காது அடைத்தே கிடக்கிறது. எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் மாமியார். ஊற்றலாமா?
– வாசகி, கங்கைகொண்ட சோழபுரம்

பதில்: வேண்டவே வேண்டாம், தாயே! அடைப்பு செவிப்பறைக்கு அந்தப் பக்கம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு இறங்கும் யூஸ்டேஷியன் குழாய், பெரியவர்களுக்குச் சுமார் 3.5 செ.மீ. நீளம். ராஜேந்திர சோழன் வெட்டிய உங்கள் ஊர்ப் பொன்னேரிக்கு மதகு எப்படியோ, நடுக்காதுக்கு இது அப்படி. சளியில் மதகு வீங்கி மூடிக்கிடக்க, கரைமேல் எண்ணெய் ஊற்றி என்ன பயன்? சுட்டால் காதும் போகும். எச்சில் விழுங்குங்கள், மாமியார் எதிரிலேயே தாராளமாகக் கொட்டாவி விடுங்கள், குழாய் திறக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு முக்கி ஊதாதீர்கள். வலி, சீழ், இரண்டு வாரம் தாண்டிய அடைப்பு என்றால், 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட அரியலூருக்குப் போய்க் காட்டுங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனாலோ, அன்றைக்கே!