வாளியிலிருந்து வாளிக்கு

எல்லாவற்றுக்கும் காரணம் 9 காலன் பீர். 1950ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் அப்போது பெர்க்‌ஷயரைச் சேர்ந்திருந்த ஆப்பிள்ஃபோர்டு கிராமத்தில், ஆர்தர் நாப்பர் என்ற விவசாயியும் அவருடைய நண்பரும் யாருடைய நீராவி எஞ்சின் முந்தும் என்று பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஒரு ஃபிர்கின் பீர் வாங்கித் தர வேண்டும். ஃபிர்கின் என்பது 9 காலன் பிடிக்கிற சின்னப் பீப்பாய். நம் கணக்கில் 40 லிட்டர் சொச்சம். இரண்டுமே எடைக்குப் போக வேண்டிய வயதில் இருந்த எஞ்சின்கள். பக்கத்தில் ஒருவர் சைக்கிளில் போயிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். அவர் இல்லாததால் நாப்பர் ஜெயித்தார்.

பீரைக் குடித்துவிட்டு அத்தோடு விட்டிருக்கலாம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடுத்த தடவையும் வந்தார்கள், மச்சானையும் கூட்டி வந்தார்கள். 1954இல் இதற்கென்று ஒரு தேசியச் சங்கமே வந்துவிட்டது. இன்றைக்குக் கோடை பிறந்தால் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வயலில் கரும்புகை கிளம்பும். தீயணைப்பு நிலையத்துக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போவார்கள்.

இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் பெரியண்ணன், டார்செட்டில் 1969இல் தொடங்கிய கிரேட் டார்செட் ஸ்டீம் ஃபேர். டாரன்ட் ஹின்டன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஆகஸ்ட் கடைசியில் ஐந்து நாள் நடந்துவந்தது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா எங்களைப் பார்க்க வந்திருந்த வருஷம் அவரை அங்கே அழைத்துப் போனேன். லண்டன் கோபுரத்தையும் ராணி வீட்டையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே விமரிசனம் சொல்லியிருந்தார்: "பராமரிப்பு செலவு ஜாஸ்தி." சம்பாவுக்கு நாற்றங்கால் போடும் நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்ற வருத்தம் வேறு. டிராக்டர் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னதும் ஸ்வெட்டரைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

காலையிலேயே போய்விட்டோம். நீராவி எஞ்சின் சாவியைத் திருப்பினால் கிளம்புகிற ஜாதி இல்லை. விடியும் முன்பே எழுந்து, நேற்றைய சாம்பலை வாரி, குழாய்களில் படிந்த கரியைத் துலக்கி, எண்ணெய்த் துணியும் விறகுமாக வைத்துப் பற்ற வைத்து, மேலே நிலக்கரி போட்டால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிரஷர் ஏறும். அதுவரைக்கும் முதலாளி எண்ணெய்க் குடுவையோடு சுற்றிச் சுற்றி வருவார். கொதிகலனில், ஓட்டுகிறவருக்கு எதிரில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீர் மட்டம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். பேசும்போதும் அவர் கண் அதிலேயே இருக்கும். மட்டம் ரொம்ப இறங்கினால் அடுப்பின் மேல்தகட்டில் இருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி அடுப்புக்குள்ளேயே பாய்ந்துவிடும். உயிர் தப்பலாம், மானம் தப்பாது. அதை இருபது வருஷத்துக்குச் சொல்லிக் காட்ட நண்பர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒருவர் கரி அள்ளும் ஷவலைத் துடைத்துக் கழுவி, அதிலே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அடுப்பு வாயில் நீட்டினார். அரை நிமிஷத்தில் ஓரம் முறுகலாக வந்தது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு என் காதில், "பாவம்டா, சட்டி வாங்கக்கூட வசதி இல்ல போலிருக்கு" என்றார். அந்த மனிதர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எஞ்சின் விலைக்கு மன்னார்குடியில் ஒரு தெரு வாங்கலாம்.

"கூலி எவ்வளவு தராங்க?" என்று கேட்கச் சொன்னார் சித்தப்பா. கேட்டேன். கூலி எதுவும் இல்லை என்றார். கரிச்செலவு அவருடையது. வருஷா வருஷம் கொதிகலனைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கும் செலவும் அவருடையது. 12 டன் எஞ்சினை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரும் செலவும் அவருடையதுதான்.

"அப்புறம் ஏன் செய்யறார்னு கேளு."

கேட்டேன். முட்டையைத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே, "இதையேதான் என் மனைவியும் கேட்கிறாள்" என்றார். அந்த அம்மாள் பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில், காலடியில் ஒரு நாயோடு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே எஞ்சினுக்கு ஒரு நாய், ஒரு மனைவி, ஒரு மடக்கு நாற்காலி என்பது விதி போலிருக்கிறது.

இந்த எஞ்சின்களைக் கண்டு இங்கிலாந்தே ஒரு காலத்தில் நடுங்கியிருக்கிறது. 1865இல் வந்த சட்டப்படி இவை கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று பேர் கூட இருக்க வேண்டும். அதில் ஒருவர் 60 கெஜம் முன்னால் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "வேகத்தைக் குறைக்கக் கொடியா! நம்மூர்ல வண்டியில கொடி கட்டினாத்தானேடா வேகமே எடுக்கும்" என்றார்.

நம்மூரில் ரோடு போட வந்த எஞ்சின்களைப் பார்த்த தலைமுறைக்கு இங்கே பழைய சிநேகிதர்கள் கிடைப்பார்கள். ரோச்செஸ்டரின் ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி ரோலர்களுக்கு முன்னால் பின்னங்காலில் எழும்பி நிற்கும் பித்தளைக் குதிரை இருக்கும். லீட்ஸில் ஃபவுலர் கம்பெனி செய்த உழவு எஞ்சின்கள் ஜோடி ஜோடியாக வேலை பார்த்தவை. வயலுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. நடுவில் இரும்புக் கயிறு. அதில் கட்டிய கலப்பையை மாற்றி மாற்றி இழுக்கும். எஞ்சின் சேற்றில் இறங்கவே இறங்காது. "வரப்புல நின்னுகிட்டே உழுதிருக்கான், கெட்டிக்காரன்" என்றார் சித்தப்பா. அவருடைய விவசாய வாழ்க்கையின் லட்சியமே அதுதான்.

சந்தை எஞ்சின்கள் என்று தனியாக ஒரு ரகம். தெட்ஃபோர்டில் பரெல் கம்பெனி செய்தவை இதில் பேர்போனவை. ராட்டினக்காரர்களின் சரக்கையெல்லாம் பகலில் இழுத்துக்கொண்டு போய், இரவில் புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் டைனமோவைச் சுழற்றி அதே ராட்டினத்துக்கு விளக்குப் போடும். முறுக்கு முறுக்காகப் பித்தளைத் தூண்கள், மேலே நீளமாக விதானம், விளிம்பெல்லாம் பல்பு. சாயங்காலம் பத்துப் பதினைந்து எஞ்சின்கள் வரிசையாக விளக்கேற்றி நின்றபோது சித்தப்பா அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேரடி மாதிரியே இருந்தது. பக்கத்துச் சரிவில் அவற்றைக் கனமான டிரெய்லர்களோடு பூட்டி மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திருவாரூர் ஆழித்தேர் 300 டன் என்பதும், பின்னாலிருந்து புல்டோசர் தள்ளித்தான் நகர்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். "இதுல நாலு வாடகைக்கு வருமா?" என்றார். பித்தளையை ஒருவர் பிராஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, "புளியைக் கரைச்சுத் தேய்க்கச் சொல்லுடா" என்று ஒரு யோசனையும் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. சில உறவுகள் நீடிக்க வேண்டும்.

டிராக்டர்கள் தனி ஊர்வலம். ஒலிபெருக்கியில் ஒருவர் ஒவ்வொரு வண்டியின் ஜாதகத்தையும் வாசிப்பார். எல்லாம் ஒரே ஜாதகம்தான். ஒரு விவசாயி புதிதாக வாங்கினார், நன்றாக உழைத்தது, கொட்டகைக்குப் பின்னால் காஞ்சொறிச் செடிக்குள் தள்ளினார்கள், கோழி முட்டையிட்டது, இப்போதைய முதலாளி கண்டெடுத்தார், எட்டு வருஷம் ராவினார். ஜெர்மானிய லான்ஸ் புல்டாக்கைக் கிளப்பும் விதம் மட்டும் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சி, ஸ்டியரிங்கைத் தண்டோடு பிடுங்கிப் பக்கவாட்டுச் சக்கரத்தில் செருகிச் சுற்ற வேண்டும். கிளம்பியதும் உருவி எடுத்து மறுபடி பழைய இடத்தில் செருக வேண்டும். சில சமயம் அது பின்னோக்கி ஓடத் தொடங்கிவிடும். அதுவும் எஞ்சினின் இயல்புதானாம். ஃபீல்டு மார்ஷல் டிராக்டருக்குத் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றை உள்ளே வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. டமால்! கிளம்பிவிடும். பக்கத்தில் இருந்த குதிரையும் கிளம்பிவிட்டது.

சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 வண்டிகளின் எதிரில்தான் சித்தப்பா செருப்பைக் கழற்றாத குறையாக நின்றார். ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு வருவதற்கு முன்னால், கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் மேலேயே மல்லாக்கச் சாயும். இன்று உலகத்தில் ஏறக்குறைய எந்த டிராக்டரின் பின்னாலும் இருப்பது அவருடைய யோசனைதான். கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை இந்தச் சின்ன வண்டியை 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். எட்மண்ட் ஹில்லரி இதற்குப் பெல்ட் சக்கரம் மாட்டி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்துக்கே ஓட்டிப் போய்விட்டார்.

அடுத்த வரிசையில் சிவப்பு மேசி ஃபெர்குசன் 35. சென்னை டாஃபேயில் செய்யும் 1035க்கு அண்ணன் முறை. சித்தப்பாவிடம் ஒரு 1035 உண்டு. முந்தின வாரம் வரை சேற்றுழவு ஓட்டியது. "நம்ம வண்டிடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். வண்டிக்கு முன்னால் பரிசு அட்டை வைத்திருந்தார்கள். சித்தப்பா தன் போனில் சொந்த வண்டியின் படத்தைக் காட்டினார். கேஜ் வீல் மாட்டி, முக்கால்வாசி சேற்றில் புதைந்த கோலம். அந்த ஆள் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னும் வேலை செய்கிறதா?" என்றார். "செய்யாம?" என்றார் சித்தப்பா. அதற்கப்புறம் இருவரும் ஹைட்ராலிக் லிஃப்ட் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னை யாரும் தேடவில்லை.

லாரிகளை வேகமாகக் கடந்தோம். ஸ்கேமல், ஃபோடன், பெட்ஃபோர்டு எல்லாம் பளபளவென்று நின்றன. ஒரு லேலண்ட் காமெட்டைப் பார்த்து மட்டும், "இதுலதாண்டா உன் அத்தை கல்யாணத்துக்குச் சாமான் வந்துது" என்றார். அதற்குமேல் அதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அத்தை கல்யாணச் செலவு நினைவுக்கு வந்திருக்கும்.

கதிரடிக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் ஆசாமிக்கு மூச்சு சீரானது. அங்கே எஞ்சினின் ஃப்ளைவீலிலிருந்து நீளமான பெல்ட் மரப்பெட்டிக்கு ஓடி, பெட்டி முழுக்கக் குலுங்கி, ஒரு பக்கம் கோதுமை, ஒரு பக்கம் வைக்கோல், அடியில் பதர் என்று கொட்டிக்கொண்டிருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு கை கோதுமை அள்ளி, வாயில் போட்டுக் கடித்து, "ஈரம் இருக்கு, காய வைக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு பெரிய மைதானத்தில் உருப்படியாக நடக்கும் ஒரே வேலை இதுதான் என்பது அவர் முடிவு.

அதே முடிவோடு நிலை எஞ்சின்கள் பக்கம் வந்தோம். மைதானத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது. வேலியோரமாக நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன எஞ்சின்கள். லிஸ்டர், பெட்டர் என்று பலகை. ஒவ்வொன்றும் டுக் டுக் என்று தன் தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு கிழவர் டீக்கோப்பையோடு நாற்காலியில் இருப்பார். பக்கத்தில் வாளி. எஞ்சின் ஒரு குட்டி பம்ப்பை ஓட்டும். பம்ப் வாளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். குழாய் வழியாகத் தண்ணீர் வளைந்து வந்து விழும். எங்கே விழும்? அதே வாளியில்.

சித்தப்பா குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாளி வரைக்கும் போனார். மறுபடி வாளியிலிருந்து எஞ்சின் வரைக்கும் வந்தார்.

"இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் போவுது?"

"எங்கேயும் போகல சித்தப்பா."

"காலையிலேருந்து?"

"காலையிலேருந்து."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம வாய்க்காலுக்குத் திறந்துவிட்டதா கணக்குல வர்ற தண்ணியும் இப்படித்தான் சுத்துது போலிருக்கு" என்றார்.

ஆனால் அங்கிருந்து நகரவில்லை. காரணம், எதிரில் இருந்தது பச்சைப் பெயின்ட் அடித்த லிஸ்டர் சி.எஸ். 6 குதிரைசக்தி, நிமிஷத்துக்கு 650 சுற்று. க்ளாஸ்டர்‌ஷயரில் டர்ஸ்லி என்ற ஊரில் பிறந்து, ராஜ்கோட் பட்டறைகளில் நகலெடுக்கப்பட்டு, நம் கிணற்றடியெல்லாம் வந்து சேர்ந்த அதே எஞ்சின். ஊரில் தாத்தா வைத்திருந்தது. கரண்ட் பம்ப்செட் வந்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. கிழவர் இவர் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். ஹேண்டிலை நீட்டினார்.

சித்தப்பா பேன்ட்டைத் தூக்கிக் கட்ட முயன்று, அது வேட்டி இல்லை என்று தெரிந்து, காலை அகட்டி நின்றார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் ஹேண்டிலைப் பிடித்தார். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் போய்விடும். வால்வைத் தூக்கிவிட்டு மூன்று சுற்று. சக்கரம் வேகம் பிடித்ததும் வால்வை விட்டார். டுக்... டுக்... டுக். கிழவர் தொப்பியைக் கழற்றினார். சாயங்காலம் வரை மிச்சப் பொழுதை சித்தப்பா அங்கேயே, அவருடைய உபரி நாற்காலியில், வாளியைக் கண்காணித்தபடி கழித்தார்.

இரண்டு மாதம் கழித்து சித்தி போனில் வந்தார். கொட்டகையில் கிடந்த லிஸ்டரை இழுத்துப் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறாராம். பித்தளை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் புளி கேட்கிறாராம். "வயல்ல முழங்கால் தண்ணி நிக்குது. இவர் டிரம்மிலேருந்து எடுத்து அதே டிரம்முல விட்டுகிட்டு உக்காந்திருக்கார். டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டார். அங்கே நாய் இருக்கிறதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

டார்செட் விழா 2022க்குப் பிறகு நடக்கவில்லை; செலவு கட்டுப்படியாகவில்லை. சின்ன விழாக்கள் மே முதல் செப்டம்பர் வரை எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கின்றன. போவதாக இருந்தால் வெள்ளைச் சட்டை வேண்டாம், ரப்பர் பூட்ஸ் அவசியம். எஞ்சின் என்ன விலை என்று மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். ஊரிலிருந்து பெரியவர் யாரையாவது அழைத்துப் போவதானால், அவர் வீட்டில் பழைய ஆயில் எஞ்சின் ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் விசாரித்து, கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.