மணிபிளான்ட் திணை: வீடு காட்டுதல் பற்றிய ஓர் ஆய்வு

அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் எண்ணி முடித்துவிட்டார். அவர் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லை. இருக்கிற ஃபிளாட்டை விற்று இன்னும் ஓர் அறை கூடுதலாக உள்ள ஃபிளாட்டுக்குப் போகும் வேட்கையும் அன்றைய மாந்தருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எனவே எட்டாவது திணை ஒன்று அவர் கண்ணில் படாமல் போனதை நூலின் குறையாகக் கொள்ளலாகாது. சென்னையில் பழைய ஃபிளாட்டை விற்க நினைப்பவர், அதை வாங்க வருபவரின் கண்ணுக்கு நல்லபடியாகக் காட்ட மேற்கொள்ளும் ஒழுக்கமே அத்திணை.

குறிஞ்சியும் முல்லையும் தத்தம் நிலத்துப் பூவால் பெயர் பெற்றன. விற்பனைக்கு வந்த வீடுகளில் ஷோகேஸ் மேல், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் நனைத்து நிற்பது மணிபிளான்ட். பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட கொடி அது; வீட்டில் வளர்த்தால் பூப்பதே கிடையாது. பூக்காத செடியின் பெயரில் திணை வகுக்கலாமா என்று உரையாசிரியர் எவரேனும் தடை எழுப்பலாம். பார்வைக்கு வைக்கப்படுவது என்ற ஒரு தகுதியே போதும் என்பது எம் துணிபு.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்தைச் சொல்லியாயிற்று. பொழுதில்தான் விற்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐப்பசியில் வீட்டைக் காட்டினால் கூரை ஒழுகுவதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அது மட்டுமன்று, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழைக்காலத்தில் வருபவர் வீட்டுக்குள் நுழையுமுன் தெருக்கோடி வரை நடந்து சுவர்களில் கோடு தேடுகிறார். சரி, சித்திரையில் காட்டலாமென்றால் சுவரெல்லாம் காய்ந்து சொக்கத் தங்கமாக இருக்கும். போரில்தான் காற்று வரும். 2019 கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியதிலிருந்து, வாங்க வருபவர் கும்பிடு போட்ட கையோடு குழாயைத் திறக்கிறார். ஆடியில் எவரும் வாரார். மார்கழியில் வருவார், அட்வான்ஸ் தாரார். கழித்துக்கொண்டே போனால் எஞ்சுவது தையும் மாசியும்: மழை விட்டுச் சுவர் உலர்ந்திருக்கும், நிலத்தடி நீர் இன்னும் இறங்கியிராது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று முன்னோர் சொன்னது ஃபிளாட் விற்பவரை மனத்தில் வைத்தே என்று கொள்வதில் தடையில்லை.

சிறுபொழுது ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு முதல் ஒன்றரை எமகண்டம். ஒன்றரை முதல் மூன்று உண்ட மயக்கம். மூன்று முதல் நாலரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் வாங்குபவருக்கு உகந்தது. விற்பவருக்கு அப்படியன்று, இருப்பது ஒரு வீடு, அதை எத்தனை தரம்தான் விற்பது? நாலரை முதல் ஆறு ராகுகாலம். ஆகப் பத்து முதல் பன்னிரண்டு வரையே வீடு காட்டும் நேரம். அதிலும் முக்கால் மணி நேரம் “சார், சிக்னல்ல நிக்கிறோம்” என்ற தரகர் கூற்றில் கழிந்துவிடும்.

கருப்பொருள்கள் வருமாறு. தெய்வம், வாசலில் கண்திருஷ்டி கணபதி. புள், ஏசி பெட்டிக்குப் பின்னால் குடித்தனம் நடத்தும் புறா. பறை, தண்ணீர் ஏற்றும் மோட்டார். உணவு என்று ஒன்று இல்லை. வீடு பார்ப்பதைப் பெண் பார்ப்பதோடு ஒப்பிடுவோர் உளர். அங்கே சொஜ்ஜியும் பஜ்ஜியும் உண்டு, இங்கே ஒரு டம்ளர் தண்ணீர்தான் உண்டு என்பதால் அவ்வொப்பீட்டை இவ்வாய்வு ஏற்கவில்லை. அந்தத் தண்ணீரும் உபசாரம் அன்று, சோதனை. கேன் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று முதல் மிடறிலேயே கண்டுபிடிக்கும் நாக்குகள் இந்நகரில் ஏராளம்.

உரிப்பொருள், ஒளித்தலும் ஒளித்தல் நிமித்தமும். துணி காயும் கொடிக்கயிறு, மருந்து டப்பாக்கள், மூன்று தலைமுறைச் செருப்புகள் எல்லாம் லாஃப்டுக்கு ஏறும். தாத்தா பூங்காவுக்கு அனுப்பப்படுவார். அவரிடம் குறை ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுவார்.

நுட்பமான பொருள் குளியலறை வாளி. போர்த் தண்ணீரின் உப்பு எத்தனை என்பதை எந்த ஆய்வுக்கூடச் சான்றிதழைவிடவும் தெளிவாகத் தன் உடம்பில் வெள்ளை வளையங்களாக எழுதி வைத்திருப்பது அது. விவரமறிந்தவர் பழைய வாளியை அப்புறப்படுத்திப் புது வாளி வைப்பார். அவரினும் விவரமறிந்தவர் அதன் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு வைப்பார். வாங்க வருபவர் அதற்கும் மேலே ஒருபடி போய் ஷவரை அண்ணாந்து பார்ப்பார்; அதில் பாதித் துளைகள் உப்படைத்துக் கிடக்கும்.

அடுத்தது காலண்டர். ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழையில் உப்புப் பூத்துவிடும். மளிகைக்கடை கொடுத்த முருகன் காலண்டரை மாட்டினால் செலவில்லை. இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். அவராகவே கண்டறியக்கூடிய குறை என்றால் அந்தக் கடமை இல்லை. அப்படியானால், அடுத்தவர் வீட்டு முருகனைத் தூக்கிப் பின்னால் பார்ப்பது சாதாரணக் கவனமா, அசாதாரணக் கவனமா? வழக்கறிஞர்கள் இதை ஆண்டுக்கணக்கில் வாதாடலாம். நடைமுறையில் அதற்கு அவசியமே நேர்வதில்லை. வாங்குபவரோடு அவர் மாமியார் வருகிறார். அகத்திணைச் செவிலித்தாய்க்கு நிகரான இந்தப் பாத்திரம், “என்ன தேதிப்பா இன்னிக்கு?” என்று கேட்டுக்கொண்டே காலண்டரைத் தூக்கிவிடுகிறார்.

இனி பீரோ. திசைமானி என்ற கருவி கைபேசிக்குள் புகுந்ததும் வாஸ்து மக்கள்மயமானது. கூடத்தின் நடுவில் நின்று கைபேசியை நீட்டி, ஈசானியத்தில் கழிவறை இருக்கிறதா, அக்னி மூலையில் அடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அக்கருவி காந்தப்புலத்தை அளப்பது. பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தால் தடுமாறும். கோத்ரெஜ் பீரோவை ஒட்டி நின்று பார்த்தால் ஈசானியம் அண்டை வீட்டுக்குக் குடிபோய்விடும். மயனும் விசுவகர்மாவும் திசைகளை அசையாதவை என்று நம்பிச் சாத்திரம் செய்தார்கள். பீரோவை நகர்த்தினால் கழிவறை வாயு மூலைக்குச் சென்றுவிடுகிறது. எதிர்த்தரப்பும் சளைத்ததன்று. கைபேசியைக் காற்றில் எட்டுப் போட்டுச் சரிசெய்துகொண்டு பால்கனிக்குப் போய் மறுபடி அளப்பவர்களும் உளர்.

மாந்தரைப் பற்றி ஒரு சொல். அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது மரபு. இத்திணையும் அதை வழுவாது காக்கிறது. தரகர் வாயில் இருவருக்கும் பெயரில்லை. இவரும் பார்ட்டி, அவரும் பார்ட்டி. தரகர் பேச்சு முழுவதும் உள்ளுறை. “நல்ல காத்தோட்டம் சார்” என்றால் ஜன்னல் சாத்த வராது. “அமைதியான ஏரியா” என்றால் பேருந்து வராது. “தண்ணிப் பிரச்னையே இல்ல” என்றால் லாரிக்காரர் நம்பர் அசோசியேஷன் செயலாளரிடம் உண்டு. கைக்கிளையும் பெருந்திணையும்கூட இங்குண்டு. மாதக்கணக்கில் விளம்பரம் கொடுத்தும் ஒரு பார்ட்டியும் எட்டிப் பார்க்காதது கைக்கிளை. சொன்ன விலைக்கும் கேட்ட விலைக்கும் உள்ள உறவு பெருந்திணை.

இறுதியாக, இத்திணையின் தீராத சிக்கல் ஒன்று. புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டைப் பார்த்தவர், “எதை மறைக்க அடிச்சாங்களோ” என்று விலையில் ஐம்பதாயிரம் குறைக்கிறார். அடிக்காத வீட்டைப் பார்த்தவர், “பெயிண்டுக்கே ஐம்பதாயிரம் ஆகும் சார்” என்று அதே ஐம்பதாயிரத்தைக் குறைக்கிறார். அடித்தவருக்குப் பட்டியும் பிரைமரும் இரண்டு கோட்டும் தண்டச் செலவு. அப்படியிருக்க எல்லோரும் ஏன் அடிக்கிறார்கள் என்று, இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவதால் நடுநிலையாளர் எனத் தகும் ஒரு தரகரிடம் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: “அடிச்சிருங்க சார். போட்டோவுல நல்லா விழும்.”