பெரிய புள்ளி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெரிய கம்பெனிகளின் மதில் முடிகிற இடத்தில், தகரக் கூரைப் பட்டறை ஒன்றில் இவரைப் பார்க்கலாம். காக்களூர் சிட்கோவிலும் இருப்பார், திருமழிசையிலும் இருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் எதுவானாலும் ஊருக்கு இவர் ‘ஓனர்’. ரெண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு ட்ரில்லிங், ஆறு ஆட்கள். மைக்ரோமீட்டரில் பத்து மைக்ரான் கூடினாலும் ஜாபைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுகிற மனிதர். ஆனால் “மெயில் ஐடி சொல்லுங்க” என்று கேட்டுவிட்டால் மட்டும் கை வியர்த்துவிடும்.

பட்டறை சிறுவாபுரி முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பித்தது. அதனால் ஐடியும் முருகன் பெயரில்தான். ஆனால் ஜிமெயில் 2004 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நம்மவர் போய்ச் சேர்வதற்குள் உலகத்து முருகன்கள் எல்லாரும் இடம் பிடித்துவிட்டார்கள். எனவே முருகனுக்குப் பின்னால் மகள் பெயர், அதற்குப் பின்னால் ‘ஒர்க்ஸ்’, கடைசியில் எண்கணிதக்காரர் எழுதிக் கொடுத்த இரண்டு இலக்கம். ஜிமெயில் முப்பது எழுத்தோடு நிறுத்திவிடுகிறது. இல்லாவிட்டால் சம்சாரத்துக்கும் இடம் கிடைத்திருக்கும்.

முதலில் ஊர்ப் பெயரையும் சேர்க்க நினைத்தார். அங்கே வேறு வில்லங்கம். ரயில்வே எழுதுகிற ஆங்கிலத்தில் ‘பூண்டி’க்கு ஒரே ஒரு ‘யு’. சிப்காட் எழுத்தில் இரண்டு ‘ஓ’. திருவள்ளூர் பக்கம் போனால் முதல் எழுத்துக்குப் பின்னால் ‘ஹெச்’ போடுகிறவர்கள் ஒரு கட்சி, போடாதவர்கள் ஒரு கட்சி. 2020 ஜூனில் தமிழக அரசே 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்திய ஆணையை வெளியிட்டு, ஊர் சிரித்ததும் அதே மாதத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. கோட்டையிலேயே தீராத வழக்கு கும்மிடிப்பூண்டி பட்டறையில் தீருமா? ஊரை விட்டுவிட்டார்.

இந்த ஐடியை அவர் போனில் சொல்வதை ஒருமுறையாவது கேட்க வேண்டும். லேத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிவிட்டு ஆரம்பிப்பார்.

“எழுதிக்குங்க சார். எம் ஃபார் எம்.ஜி.ஆர்.”

அந்தப் பக்கம் ஒரகடம் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் பையன், புனேக்காரன். எம், ஜி, ஆர் என்று மூன்றெழுத்தையும் அடித்துவிட்டான். மேனேஜர் என்பதன் சுருக்கம் என்று நினைத்தானாம். என்கொயரி எங்கேயோ போய் முட்டித் திரும்பியது. ஓனருக்கு வருத்தம் ஆர்டர் போனதில்கூட இல்லை. “எம்.ஜி.ஆரைத் தெரியாதவனுக்கு நான் புஷ் போட்டுக் குடுக்கணுமா?”

பிறகு ஒரு வாரம் யோசித்து முருகனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தார். “புள்ளி இருந்தாத்தான் சார் கம்பெனி மாதிரி தெரியும்.” ஆயிரம் விசிட்டிங் கார்டு புதிதாக அடித்தார். ஜிமெயில் அந்தப் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. வைத்தாலும் எடுத்தாலும் கடிதம் ஒரே பெட்டியில்தான் விழும். கார்டு அடித்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஆடிட்டர் அவசரத்துக்குத் தன் ஐடியையே கொடுத்துப் பதிந்துவிட்டார். அன்று முதல் பட்டறையின் கடுதாசியெல்லாம் ஆடிட்டர் வீட்டுக்குப் போகும். அவர் திருப்பதி போனால் ஓனருக்கு உலகமே இருட்டு.

மகள்தான் கடைசியில் பிடித்துக்கொண்டாள். “நைனா, சொந்த வீடு வேணும்னு சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாக்கெழமை போனியே. மெயில் மட்டும் வாடகை வீட்டுல கெடக்கணுமா? நம்ம பேர் மாதிரியே எவனாவது ஒரு ஜிமெயில் தொறந்து, பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சுன்னு பார்ட்டிக்கு எழுதினா என்னா பண்ணுவ?”

டாட் இன் பெயர் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், மெயில் பெட்டிக்குத் தனிக் காசு என்றாள். ஒரு டப்பா கார்பைடு இன்சர்ட் அதைவிட விலை. ஓனர் கேட்டது வேறு. “சொந்த வீட்டுக்கு எவனாச்சும் வருஷா வருஷம் காசு கட்டுவானாம்மா?”

“வீட்டு வரி கட்டல?”

வாயடைத்துப்போனார். பெயர் வந்தது. சேல்ஸ், அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச் என்று மூன்று ஐடி. மூன்றும் திறப்பது அவருடைய ஒரே போனில். இப்போது பார்ட்டி பில்லைப் பற்றிக் கேட்டால், “அக்கவுன்ட்ஸுக்கு ஃபார்வர்ட் பண்ணிடறேன் சார்” என்பார். போனை வைப்பார், மூக்குக் கண்ணாடியை மாட்டுவார், நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அக்கவுன்ட்ஸாக மாறிப் பதில் அடிப்பார். அக்கவுன்ட்ஸ் கொஞ்சம் கறார். சேல்ஸ்தான் தங்கமான மனுஷன்.

வருஷம் திரும்பியது. பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி நாலைந்து மெயில் வந்திருக்கிறது, எல்லாம் அந்தப் பழைய புள்ளி வைத்த ஜிமெயிலுக்கு. அதற்குப் பாஸ்வேர்டு மறந்துபோய், மீட்கக் கொடுத்த சிம்மும் செத்து மாதங்கள் ஆகின்றன. போன செவ்வாய்க்கிழமையோடு பெயர் காலாவதி.

மகள் மறுபடி வாங்க ஓடிக்கொண்டிருக்கிறாள். அதுவரை அவருக்கு மெயில் போடுகிறவர்கள் தயவுசெய்து போட்ட கையோடு ஒரு போனும் போட்டுவிடுங்கள். முதல் எழுத்து எம். எம்.ஜி.ஆர். இல்லை, வெறும் எம்.